காதைத் தொடட்டும், அப்புறம் பார்க்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தொலைபேசி இலாகாவில் என்னோடு வேலை பார்த்தவர். காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே என் பேரனைப் பார்த்து, "தம்பி எந்த ஸ்கூல்?" என்றார். பேரனுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும். அவன் அப்போது கூடத்தில் ஒரு முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் சேர்க்கலை" என்றேன்.

எனக்குக் கடன் தொல்லை என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர்போல அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன், பேச்சு சரியா வரலையா?" என்று கேட்டார்.

பேச்சு நன்றாகவே வருகிறது. அவர் போனபிறகு, "அந்தத் தாத்தா ஏன் ஒரு கடலைகூட உரிக்கலை?" என்று என்னைக் கேட்டான். அவர் முன்னாலேயே கேட்டிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

இதை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். மூன்று வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் அதற்கு ஏதோ குறை என்று நினைக்கும் நிலைக்கு நாம் எப்போது வந்தோம்? நாம் என்று சொல்வது என் வயதுக்காரர்களை. இளம் பெற்றோரைத் திட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இன்று சண்டை போட வந்திருப்பது தாத்தா பாட்டிகளோடு. முதல் குற்றவாளி நானே.

நாம் பள்ளிக்கூடம் சேர்ந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம்மில் பாதிப்பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஹெட்மாஸ்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடவில்லையென்றால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. பிறந்த தேதியையும் அவரே போட்டுக்கொள்வார். அதனால்தான் நம் தலைமுறையில் பலபேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் ஓய்வு பெற்றோம்!

எனக்கு முதல் வருஷம் கை எட்டவில்லை. உச்சந்தலையைத் தாண்டி விரல் தொங்கியது, காது கிடைக்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அந்த ஒரு வருஷம் என் வாழ்க்கையில் வீணான வருஷம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாடு, வைக்கோல் போர், வாய்க்கால், பாட்டியின் வெற்றிலை உரல். பிறகு பள்ளிக்குப் போனேன், படித்தேன், இலாகாவில் சேர்ந்தேன், முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினேன்.

அந்தக் காது சோதனை முட்டாள்தனம் என்று பலர் சிரிப்பார்கள். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஐந்து ஆறு வயதில்தான் கை நீண்டு தலையைச் சுற்றிக் காதுக்கு வரும். கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனைக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருந்தது: உடம்பு தயாரான பிறகு படிப்பு. இன்றைக்கு அதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

நிற்க. என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு மூன்றரை வயதானபோது நான் அவனை எழுத உட்கார வைத்தேன். 1980களின் நடுவில். பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன் ஏபிசிடி முழுவதும் எழுதுகிறான் என்று தெரிந்த தினத்திலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் சிலேட்டு, பிறகு நாலு கோடு நோட்டு. அவன் பென்சிலை உலக்கையைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடிப்பான். நான் மர அடிஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுவேன். "தட்டுவேன்" என்று எழுதுகிறேன். அவன் கேட்டால் வேறு சொல் சொல்வான்.

இன்றும் அவன் கையெழுத்துப் போடும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, பேனாவை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல் இறுக்கிப் பிடிப்பான். அதற்கு நான்தான் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வங்கியிலோ பத்திரப் பதிவிலோ அவன் கையெழுத்துப் போடும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எட்டுமே குருத்தெலும்பு. மூன்று வயதில் அவற்றில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகியிருக்கும். கடைசி எலும்பு முற்றுவதற்கு ஒன்பது பத்து வயதுக்கு மேல் ஆகும். பிள்ளைகளின் கையை எக்ஸ்ரே எடுத்து டாக்டர்கள் வயதைக் கணிக்கிறார்களே, அது இதை வைத்துத்தான். இந்தக் கையில்தான் நாம் பென்சிலைத் திணித்து, "ஸ்டாண்டிங் லைன் ஒரு பக்கம், ஸ்லீப்பிங் லைன் ஒரு பக்கம்" என்று வீட்டுப்பாடம் கொடுக்கிறோம்.

இதெல்லாம் மகன் விஷயத்தில் எனக்குத் தெரியாது. சரி, பேத்தி விஷயத்திலாவது திருந்தினேனா? இல்லை.

பெரியவளுக்கு இப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மூன்று வயது நிறைவதற்குள் அவளை ப்ரீ கேஜியில் சேர்த்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம். எல்லாப் பள்ளிகளும் ஏறக்குறைய அப்படித்தான். தினம் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கொண்டுபோய் விடுவது என் வேலை. முதல் மூன்று வாரம் அழுதாள். கேட்டில் ஆயா அவளை என் சட்டையிலிருந்து பிய்த்து எடுப்பார். நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். "திரும்பிப் பார்த்தா இன்னும் அழும் சார், போயிடுங்க" என்று அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். நாலாவது வாரம் அழுகை நின்றது. "பழகிட்டா" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம்.

நாலு வருஷம் கழித்து, இந்த ஜனவரியில் ஒருநாள், பெரியவள் தம்பியை உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடினாள். நான் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "கையைக் கட்டு. வாயில விரல் வை" என்றாள். அவன் வைத்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்திருக்கப் பார்த்தான். ஸ்கேலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் உதடு பிதுங்கியது. அப்போது அவள் குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னாள்: "அழுதா உங்க தாத்தா வரமாட்டாங்க."

பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இந்த வீட்டில் அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவள் எங்கே கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் பழகவில்லை, அழுதால் நான் வரமாட்டேன் என்று நம்பி அழுகையை நிறுத்தியிருக்கிறாள். நான் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்த அந்த மூன்று வாரமும் என் கண் முன்னால் வந்தது.

அதே வாரம் சின்னவனுக்கு அட்மிஷன் பேச்சு. ஒரு பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டரை வயதுகூடச் சரியாக ஆகாத பிள்ளையிடம் நாலு பிளாஸ்டிக் பழங்களைக் காட்டி நிறம் கேட்டார்கள். அவன் அம்மாவின் துப்பட்டாவுக்குள் போய்விட்டான். "பையன் ஆக்டிவ்வா இல்லை. இருந்தாலும் ட்ரை பண்ணலாம்" என்றார்கள். கட்டணம் 48,000 ரூபாய், வேன் தனி. வீட்டுக்கு வந்த பிறகு அதே துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "அந்த வாழப்பழத்துல தோலே இல்ல" என்றான். பிளாஸ்டிக் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் நான் வீராவேசமாக, "இந்த வருஷம் சேர்க்க வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும்" என்றேன்.

மகன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "எனக்கு மூணரை வயசுல எழுத வெச்சது யாருப்பா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பதில் இல்லை.

மருமகள் கேட்டது இன்னும் நேராக இருந்தது. "வீட்டிலேயே இருக்கட்டும்னு சொல்றது சுலபம் மாமா. யார் பார்த்துப்பா? நான் ஒன்பதரைக்கு ஆபீஸ்ல இருக்கணும். அத்தைக்கு முழங்கால் வலி. நீங்க பேப்பர் படிப்பீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் என் குடும்ப வாழ்க்கை முழுவதும் அடங்கியிருந்தது. குழந்தை வளர்ப்பு பற்றி ஆண்கள் நாம் நிறைய கருத்து வைத்திருக்கிறோம். கருத்தைச் சொல்லிவிட்டு, வேலையை அந்த வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு பெண்ணிடம் தள்ளிவிடுகிறோம். "நான் பார்த்துக்கறேன்" என்றேன். இருவரும் நம்பவில்லை. என் மனைவி நன்றாகவே சிரித்தாள்.

ஆக, இந்தப் பிப்ரவரியிலிருந்து நான் மறுபடியும் டியூட்டியில் இருக்கிறேன். காலை எட்டே முக்காலிலிருந்து மத்தியானம் சாப்பாடு வரை. என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். செலவு ஒன்றும் இல்லை.

எட்டே முக்காலுக்கு அக்காவின் வேன் வரும். அவள் ஏறியதும் இவனுக்கு முகம் வாடும். அழுதால் அழட்டும் என்று கூடவே நிற்பேன். பிறகு மாடிக்குப் போவோம். காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது அவன் வேலை. ஏழு தொட்டிச் செடிகளுக்கு அவனுடைய சின்னச் சொம்பால் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாதித் தண்ணீர் அவன் சட்டையில்தான் போகும். அதைத் துடைக்க ஒரு துண்டு உண்டு. அதையும் அவனே எடுத்து வருவான். உச்சிப்பிள்ளையார் மலை எங்கள் மாடியிலிருந்து தெரியும். இன்று மலை தெளிவாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வான். அவனுடைய வானிலை அறிக்கை வானொலிக்குக் குறைந்ததில்லை.

கீழே வந்தால் பாட்டியின் இலாகா. பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை அவன் பங்குக்குப் பிசைவது. பட்டாணித் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருக்கித் திறக்கிறானே, பிற்பாடு பென்சில் பிடிக்கப்போவது அதே இரண்டு விரல்கள்தாம். ஸ்டாண்டிங் லைன் போட்டு வராத பலம் பட்டாணி உரித்து வரும். அதோடு மத்தியானம் குருமாவில் அந்தப் பட்டாணியைப் பார்த்து, "இது நான் உரிச்சது" என்று சாப்பிடுவான். காய்கறி சாப்பிடமாட்டேன் என்ற புகார் எங்கள் வீட்டில் பாதி குறைந்தது.

ஒரு தாம்பாளம், இரண்டு டம்ளர், அரை டம்ளர் அரிசி. இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு ஊற்றிக்கொண்டே இருப்பான். சிந்துவது தாம்பாளத்தில் விழும். இரண்டு வாரம் கழித்து அரிசிக்குப் பதில் தண்ணீர். இப்போது டவராவிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்றுகிறான். உலர்ந்த துணி வந்தால் சாக்ஸுக்கு ஜோடி தேடுவது, கைக்குட்டை மடிப்பது அவனுக்குத்தான். ஜோடி தேடுவதற்குள் நிறம், அளவு, ஒன்று இரண்டு எல்லாம் வந்துவிடுகிறது.

இதை ஏதோ கிழவன் கண்டுபிடிப்பு என்று நினைக்கவேண்டாம். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய டாக்டர் அம்மையார் 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஆரம்பித்த குழந்தைகள் இல்லத்தில், ஊற்றுவது, மடிப்பது, துடைப்பது, பட்டன் போடுவது, இவைதாம் முதல் பாடம். அந்த அம்மையார் 1939இல் நம் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு உள்ளே மூன்று வயதுக் குழந்தைக்கு நோட்டில் மார்க் போடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல்லாங்குழி பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்தேன். ஆட்ட விதி எதுவும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு புளியங்கொட்டை, பதினாலு குழி. அப்புறம் இரண்டு இரண்டு. ஆரம்பிக்கும்போது கொட்டைகளை நான் எண்ணுவேன், முடிந்ததும் மறுபடி எண்ணுவேன். இந்த வயதில் எதுவும் வாய்க்கும் மூக்குக்கும் போகும். பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தால் மட்டுமே அந்தப் பெட்டி திறக்கும். ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்காருவது உட்காருவதில் சேராது.

கதை உண்டு. ஒரே நரிக் கதையைப் பத்தொன்பது நாள் தொடர்ந்து கேட்டான். எனக்கு அலுத்தது. அவனுக்கு அலுக்கவில்லை. நான் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டால் பிடித்துக்கொள்வான். எந்த வேலையும் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் கிடையாது. எழுந்து போனால் போகட்டும். "முடிச்சாத்தான் விடுவேன்" என்ற வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் தடை. சில நாள் ஒன்றும் செய்யாமல் இஸ்திரி வண்டிக்காரர் கரி விசிறுவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நிற்போம். அதுவும் வகுப்புதான்.

இனி பெரியவள். வீட்டில் மூத்த குழந்தை ஒன்று இருந்தால் விஷயம் வேறு மாதிரி. சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்ததும் இவனும் அதே நோட்டில்தான் எழுதுவேன் என்பான். ஒருநாள் அவள் நோட்டில் சிவப்பு கிரேயானால் நாலு பக்கம் கிறுக்கிவிட்டான். மறுநாள் பள்ளியில் அவளுக்குத் திட்டு. வீட்டுக்கு வந்து அவனை அடித்தாள். அவளை அவள் அம்மா அடித்தாள். சங்கிலிபோல மேலிருந்து கீழே இறங்கிய அடி.

அவனுக்குத் தனியாக ஒரு பழைய டைரி கொடுத்தேன். என் பேனா, என் டைரி, ஆபீஸ் நோட்டு என்று பெயர். அக்கா எழுதும்போது அவனும் "ஆபீஸ் வேலை" செய்வான். அதில் என்ன கிறுக்கினாலும் யாரும் திருத்தக்கூடாது, "இது என்ன எழுத்து" என்று கேட்கக்கூடாது. தரைக்கு ஒரு சாக்பீஸ் துண்டு. அவள் நோட்டு மேஜை மேலே, அவன் எட்டாத உயரத்தில்.

இன்னொன்று. மூத்தவளைச் சம்பளமில்லாத ஆயாவாக்காதீர்கள். "தம்பியைப் பார்த்துக்கோ, நீதானே பெரியவ" என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஏழு வயதுக் குழந்தையின் குழந்தைத்தனத்தில் கொஞ்சம் பிடுங்குகிறோம். அவள் விரும்பினால் அவனுக்குப் படக்கதை படித்துக் காட்டலாம். படிக்கிறாள், குரல் மாற்றி நரியாகவும் காக்கையாகவும் படிக்கிறாள், என்னைவிட நன்றாக. அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவளுக்கு. ராத்திரி எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் அவளும் நானும் மட்டும். சின்னவனுக்கு அங்கே அனுமதி இல்லை. அந்தப் பத்து நிமிஷம் வந்த பிறகு அவள் அவனைக் கிள்ளுவது குறைந்தது. இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருதடவை சத்தியம் தவறுகிறேன்.

டீச்சர் விளையாட்டை நான் நிறுத்தவில்லை. மாணவனாக நான் உட்காருகிறேன். ஒருநாள் அழுவதுபோல் நடித்தேன். அவள் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "சரி, தண்ணி குடிச்சிட்டு வா" என்றாள்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன்.

"பின்தங்கிவிடுவான்" என்பது முதல் வாதம். எதில்? பின்லாந்தில் ஏழு வயதில்தான் முறையான பள்ளிப்படிப்பு தொடங்குகிறது. அந்த நாட்டுக்காரர்கள் யாரும் எழுதப்படிக்கத் தெரியாமல் திரியவில்லை. தொலைபேசி இலாகாவில் இருந்தவனாகச் சொல்கிறேன். பழைய காலத்து ஃபோனில் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வரும்வரை பொறுக்கவேண்டும். அதற்கு முன்னால் எண்ணைச் சுழற்றினால் எங்கேயும் போகாது. புகார் எழுதுவார்கள். போய்ப் பார்த்தால் லைனில் கோளாறு இருக்காது. சுழற்றியவரின் அவசரம்தான் கோளாறு.

"இன்டர்வியூவில் கேட்கிறார்களே, என்ன செய்வது?" இரண்டாவது வாதம். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இலேயே சொல்லிவிட்டது: நர்சரி சேர்க்கைக்குத் தேர்வு, நேர்காணல் இரண்டையும் ஒழிக்கவேண்டும், சின்னக் குழந்தைகளிடம் எழுத்தையும் எண்ணையும் திணிப்பது அவர்கள்மேல் செய்யும் வன்முறை என்று. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையோடு நம் மாநிலத்துக்குப் பல சண்டைகள் உண்டு. அது தனிக் கதை. ஆனால் மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டு வழியாகவே கற்கவேண்டும் என்று அதிலும் எழுதியிருக்கிறது. காகிதத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். வகுப்பறையில்தான் வேறு. காரணம், கேட்கிறவர்கள் நாம். "மாசம் இவ்வளவு கட்டறோம், நோட்டுல ஒண்ணுமே எழுதலையே" என்று பள்ளியில் போய்ச் சண்டை போடுவது யார்? அந்த டீச்சரை நான் குறை சொல்லமாட்டேன். நோட்டைக் காட்டாவிட்டால் அவர் வேலை போய்விடும்.

மூன்றாவது கூட்டம் ஒன்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது. பள்ளி வேண்டாம், வீட்டையே பள்ளியாக்கிவிடுவோம் என்கிறவர்கள். நாலாயிரம் ரூபாய்க்குப் பெட்டி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் கால அட்டவணை, ஒன்பது மணிக்கு எழுத்து, ஒன்பதே காலுக்கு எண், ஒவ்வொன்றுக்கும் ஃபோட்டோ. அது பள்ளியைவிட மோசம். பள்ளியிலாவது பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும்.

நாலாவது வாதத்துக்கு மட்டும் நான் தலை குனிகிறேன். "உங்க வீட்டில் நீங்க இருக்கீங்க. எங்க வீட்டில் யார்?" நியாயம். இருவரும் வேலைக்குப் போகும் வீடு, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய், கூலி வேலைக்குப் போகும் அம்மா. இவர்கள் குழந்தையை எங்கேயாவது விட்டுத்தான் ஆகவேண்டும். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற எவனும் ஒருநாள்கூடக் குழந்தை பார்த்திராதவன். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எழுத வைக்காத இடமாகப் பாருங்கள். நம் ஊர் அங்கன்வாடியை ஏளனமாகப் பார்க்காதீர்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை நம் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில்தான் தொடங்கிவைத்தார். பாட்டு, கதை, முட்டையோடு சாப்பாடு, தூக்கம். எங்கள் தெருக்கோடி மையத்தில் எட்டிப் பார்த்திருக்கிறேன். 48,000 ரூபாயில் கிடைக்காத சிரிப்புச் சத்தம் அங்கே கேட்டது. கட்டடம் ஒழுகுகிறது என்றால், கேட்கவேண்டிய இடத்தில் போய்க் கேட்க நமக்குத்தான் நேரம் இருக்கிறதே?

கடைசியாக என் சகாக்களுக்கு.

விருந்தாளி வந்தால் குழந்தையைக் கூப்பிட்டு, "ஏபிசிடி சொல்லு, ரைம்ஸ் சொல்லு" என்று நிறுத்துகிறோமே, அதை விடுவோம். நாம் யாரும் பணியிலிருந்தபோது வீட்டுக்கு வந்தவர் முன்னால் எழுந்து நின்று இலாகா விதிகளை ஒப்பிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேரன் என்ன சொல்கிறான் என்று மருமகளிடம் சொல்வதை விடுவோம். அன்று இரவு அந்த வீட்டில் ஒரு சின்னக் கை பென்சில் பிடிக்கும். "ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவதையும் விடுவோம். பள்ளிக்கூடத்தைப் பூச்சாண்டியாக்கிவிட்டுப் பிறகு அங்கேயே அனுப்புகிறோம். முழங்கால் சம்மதித்தால் தரையில் உட்காருவோம். சம்மதிக்காவிட்டால் மோடா போட்டுக்கொள்வோம். நமக்குக் கொடுத்துவைத்த நேரம் இது. பிள்ளைகள் விஷயத்தில் இந்த நேரம் நமக்குக் கிடைக்கவில்லை, அல்லது இருந்தும் நாம் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் வழக்கு இன்னும் முடியவில்லை. வருகிற ஜூனில் எல்கேஜி சேர்ப்பதா, இன்னும் ஒரு வருஷம் பொறுப்பதா என்று மகனுக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். பேரனுக்கு ஒத்த வயதுப் பிள்ளைகள் வேண்டும் என்கிறான். பார்க்கலாம். போன வாரம் மாடியில் பெரியவள் காது சோதனையைத் தம்பிக்கு வைத்துப் பார்த்தாள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்தான். உச்சந்தலையைத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. காதுக்கு இன்னும் நாலு விரற்கடை இருக்கிறது. மகன் துணி எடுக்க வந்தவன் நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அவன் விரலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த தடவை யார் வீட்டுக்காவது போய், மூன்று வயதுக் குழந்தை ஒன்றைப் பார்த்தால் "எந்த ஸ்கூல்?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன உரிச்சே?" என்று கேளுங்கள். உரித்ததில் உங்களுக்கும் ஒன்று தரும்.